கூரையில் காய்ந்த மிதவை

திருகோணமலை வானிலை அலுவலகத்தில் யசோதராவின் கணினித் திரையில் கடல் நாற்பத்தொரு பாகை சுட்டது. அந்தச் சூட்டில் மீன் தானே குழம்பாகிவிடும். வரைபடத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். மிதவை கிண்ணியாவில், வீடுகளுக்கு நடுவே நின்றது.

பந்தளவு கருவிதான். கடலோடு அலைந்து, மணிக்கொரு தரம் நீரின் சூட்டைச் செய்மதிக்குச் சொல்லும். பசிபிக்கில் எல் நினோ தலைகாட்டிய வருடம் இது. நம் பக்கக் கடலும் சூடேறுகிறதா என்று தெரிந்தால்தான் மாரி மழையைப் பற்றி வாய் திறக்கலாம். ஏற்கெனவே இரண்டு மிதவைகள் காணாமற்போயிருந்தன. இதுவும் போனால் திருகோணமலைக்கு இனி ஒன்றும் கிடையாது என்று மேலிடம் எழுதிவிட்டது. களவெடுத்தவனை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டு பாலம் தாண்டிப் போனாள்.

புள்ளி காட்டிய வீட்டில் ஆழ்கடல் படகோட்டி றம்ஸான் அவளுக்குக் கதிரை எடுத்துப் போட்டார்.

"உடையவங்க வருவாங்கண்டு பாத்துக்கொண்டுதான் இரிக்கன்."

அறுந்து மிதக்கும் வலைமிதப்பைக் கண்டால் கரைக்குக் கொண்டுவந்து, உரியவர் வரும்வரை காப்பது அங்கே வழக்கம். மனிதர் இதையும் அப்படித்தான் தூக்கியிருக்கிறார். பாசி சுரண்டி, அடியில் தொங்கும் நீண்ட துணிக்குழாயைக் கழுவி மடித்து, கூரையில் வெயில் காயவைத்திருந்தார். யசோதராவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"நானா, இதைக் கடல்தான் கொண்டு திரியவேணும். நீங்கள் தூக்கின நாளில இருந்து எங்களுக்குக் கடலின்ர சூடு தெரியாது."

றம்ஸான் கூரையை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நாந்தான் அதுட வாயப் பொத்தி வெச்சிரிக்கன். எடுத்த இடம் ஜீபீஎஸ்ல கிடக்கு. ஒண்டரை நாள் ஓட்டம்."

அன்று பின்னேரமே படகு வெளிக்கிட்டது. வழியனுப்ப வந்தவள் தளத்தை எட்டிப் பார்த்தாள்.

"வலை ஏத்தேல்லையோ?"

"வலை கிடந்தா கண் மீன்லதான் போகும். இத உட்டுட்டு வரத்தான் போறம்."

மூன்றாம் நாள் காலை திரையில் 29.6 விழுந்தது. அடுத்த மணியும் விழுந்தது. யசோதராவுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை செய்மதி தலைக்குமேல் சுற்றினாலும் இந்த மனிதரைப் போல ஒருவர் இல்லாமல் இந்தக் கடலை அளக்க முடியாது என்று நினைத்தாள்.

படகு திரும்பியபோது துறையில் காத்திருந்தாள். "என்ன நானா, ஒரு மீன்வாலுமில்லாம வாறியள்?" என்று ஐஸ்காரப் பாஹிம் கேலிபண்ணினான். றம்ஸான் அவனைக் கவனிக்கவில்லை. படகின் ரேடியோவை வாயருகே பிடித்து, வெளியே தொழிலில் நின்ற படகுகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆழ்கடல்ல பந்து மாதிரி ஒண்டு மிதந்துவந்தா தூக்கிராதிங்க. அது வேலையில இரிக்கி."