ஹார்லிக்கு ஒரு மோட்ச அர்ச்சனை

என் மனுசன் குலசிங்கத்துக்குச் சொந்தக்காரரைவிட ஒரு வெள்ளைக்காரர்தான் நெருக்கம். அவர் செத்து நூற்றைம்பது வருடமாவது இருக்கும். தோமஸ் ஹார்லி, கண்ணுக்குத் தெரியாததைப் பெருப்பித்துக் காட்டும் நுணுக்குக்காட்டியை லண்டனில் செய்தவர். அவர் செய்த பித்தளை நுணுக்குக்காட்டி ஒன்றைத் துறைமுகத்தடியில் பழைய சாமான் கடையில் இவர் வாங்கிவந்த நாளிலிருந்து எங்கள் லிங்கநகர் வீட்டில் ஹார்லி புராணம்தான். யார் வந்தாலும் தேத்தண்ணி ஆறும்வரை கதை ஓடும். நான் குசினிக்குள் போய்விடுவேன்.

போன கார்த்திகையில், கப்பலில் வேலை செய்யும் மகன் சசிகரன் ஆபிரிக்காவுக்குப் போய்வந்த கப்பலால் இறங்கி வீட்டுக்கு வந்தான். வந்த கிழமையே புயல். பாதையெல்லாம் வெள்ளம், கரண்டும் இல்லை. அவனுக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. டெங்கு என்றார்கள் எல்லாரும். ஒருநாள் காலையில் என்னையே ஆரென்று கேட்டான். எனக்கு உயிர் போய் வந்தது.

பக்கத்து ஒழுங்கையில் கிளினிக் வைத்திருக்கும் டொக்டர் றிகாஸ் இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் வந்தார், பாவம்.

"ஆபிரிக்கா போய் வந்தவர், மலேரியாவாயும் இருக்கலாம். ரத்தத்தைப் பார்த்தால்தான் சொல்ல ஏலும். என்ட நுணுக்குக்காட்டி கரண்ட் இல்லாம வேலை செய்யாது."

என் மனுசன் போய் அலுமாரியைத் திறந்தார். ஹார்லியின் நுணுக்குக்காட்டிக்குக் கரண்ட் தேவையில்லை. அடியிலுள்ள சின்னக் கண்ணாடி வெயிலைப் பிடித்து மேலே அனுப்பும். நல்லகாலம், மழை விட்டு வெளித்திருந்தது. சசிகரனின் ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் பூசிச் சாயமிட்டு, ஜன்னலடியில் வைத்து டொக்டர் குனிந்தார். நெடுநேரம் நிமிரவேயில்லை.

"மலேரியாதான். பயப்பிடாதீங்க அம்மா, மருந்து இருக்கு."

பெரியாஸ்பத்திரியிலிருந்து மருந்தைப் படகில் கொண்டுவந்தார்கள். என் பிள்ளை பிழைத்தான்.

அவன் எழும்பிக் கஞ்சி குடித்த அன்று முதன்முதலாக நானாகவே கேட்டேன்: "இஞ்சாருங்கோ, அந்த ஹார்லி மனுசன் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தவர்?"

"அவரின்ர மகன் காய்ச்சலில செத்தவன். என்ன காய்ச்சல் எண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாமப் போச்சுதாம். அதுக்குப் பிறகுதான் மணிக்கூட்டு வேலையை விட்டிட்டு இதைத் தொடங்கினவர்."

அடுத்த அமாவாசைக்கு இவரையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். செத்தவர்களுக்குச் செய்யும் மோட்ச அர்ச்சனைக்கு இரண்டு ரிக்கற் எடுத்தேன். "தோமஸ் ஹார்லி" என்றதும் ஐயர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு மந்திரத்துக்குள் அந்தப் பெயரை எப்படியோ நுழைத்துவிட்டார். எனக்கு மனம் நிறைந்துபோனது. அந்த மனுசனுக்கு வேறெப்படி நன்றி சொல்வது?

"மற்ற ரிக்கற் ஆருக்கு?" என்றார் ஐயர்.

"அவரின்ர மகனுக்கு."

"பேர்?"

திரும்பி இவரைப் பார்த்தேன். ஹார்லியின் திருகாணி வரைக்கும் தெரிந்த மனுசன் தலையைச் சொறிந்தார். அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லையாம்.

"பேர் தெரியாட்டி உறவைச் சொல்லுங்கோ அம்மா. உங்களுக்கு என்ன முறை?"

"மகன்," என்றேன்.