சிவப்புப் பம்பு வீடு

ரெஹ்னுமா கணினியில் மறுபடியும் நிரலை ஓட்டினாள். 0.06. காலையிலிருந்து அதே எண்தான். அடிபம்பு நீரில் ஆர்சனிக் நஞ்சு ஏற ஏற, அதைக் குடிப்பவர் தோலில் கறுப்புப் புள்ளிகளும் ஏறுகின்றன என்று அந்த எண் சொல்ல வேண்டும்; ஒன்றை நெருங்கினால் தொடர்பு உண்டு, பூஜ்யத்தை ஒட்டினால் இல்லை. சொல்லாவிட்டால் அவள் பிறந்த கிராமத்துக்கு நஞ்சில்லாத தண்ணீர் தரும் ஆழ்குழாய்க் கிணறு கிடையாது. இன்று மாலை அறிக்கை போகிறது. உள்ளங்கையில் புள்ளி விழாத வீடே அந்த ஊரில் இல்லை. இந்தப் பாழாய்ப்போன எண்ணுக்கு மட்டும் கண் தெரியவில்லை.

"விடும்மா," என்றார் அவளுடைய மேலதிகாரி தவுஹீத் பாய். "தொடர்பு இல்லேன்னா இல்லேன்னு எழுது. எண்ணு என்ன உன் மாமியாரா, கெஞ்சி வழிக்குக் கொண்டு வர?"

"எப்படி பாய் இல்லாமப் போகும்? நான் அந்தத் தண்ணியிலதான் வளர்ந்தேன்."

"அது கணக்குல சேராதே."

 நிரலை முதலிலிருந்து படித்தாள். கணக்குப் போடுமுன் ஆட்களைச் சலிக்கும் வரி ஒன்று உண்டு: தன் வீட்டுப் பம்பில் குடிப்பவர்கள் மட்டும் நிற்கட்டும். அவளே எழுதியது. குடிக்காத தண்ணீரா புள்ளி போடும்?

சலித்ததில் போனது யார் யாரென்று இப்போதுதான் பார்த்தாள்.  விஷம் மிகுந்ததென்று சிவப்பு அடித்த பம்பு உள்ள வீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. "நாங்க அதுல குடிக்கிறதில்ல" என்று அத்தனை பேரும் ஒரே பதில். அத்தனையும் பொய். சிவப்புப் பம்புத் தண்ணீர் குடித்த பெண்ணை எவன் கட்டுவான்? அவள் அம்மாவும் புள்ளி விழுந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இதையேதான் சொல்லியிருந்தாள்.

அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினாள். 0.58.

தவுஹீத் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எண்ணு நல்லா வரணும்னு ஆளை உள்ள இழுத்தேன்னு சொல்லுவாங்கம்மா. அவங்க சொன்னது பொய்யின்னு யாரு சாட்சி?"

சாட்சி அவள் வீடுதான். ஆனால் அறிக்கையை முதலில் படிக்கப்போகிறவர் யூனியன் சேர்மன், அவள் தங்கை துலிக்கு மாமனாராக வரப்போகிறவர். அடுத்த மாதம் நிக்காஹ்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, நம்ம பம்புலதான் குடிக்கிறோம்னு எழுதப்போறேன்."

 "துலி கல்யாணம் முடியட்டும்டி. உன் கால்ல விழறேன்."

"அதுக்கப்புறம் மத்த வீட்டுப் பொண்ணுங்க கல்யாணம் வருமே. அதுவரைக்கும் எதைம்மா குடிக்கிறது?"

 போனில் அம்மாவுக்குப் பின்னால் பம்புக் கைப்பிடி கிறீச்சிட்டது. துலி ஏதோ கல்யாணப் பாட்டை முணுமுணுத்தபடி குடம் நிறைத்துக்கொண்டிருந்தாள்.

ரெஹ்னுமாவுக்குத் திரை கலங்கித் தெரிந்தது. அறிக்கையில் சிவப்புப் பம்பில் குடிப்பதற்குச் சாட்சியாக அம்மாவின் பெயரை எழுதினாள். அதன் கீழே, துலியின் பெயரையும்.