நடுச்சுவர் மேல் ஒரு வீடு

அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு நடுவே சுவர் எழுப்பிய அன்றிலிருந்து அந்த வீடு தராசு மாதிரி அந்தச் சுவர் மேலேயே நின்றது. எந்தப் பக்கம் பாரம் கூடியதோ அந்தப் பக்கம் சாய்ந்தது. மாடிப்படியை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் சண்டை. மாடி இன்றுவரை கட்டப்படவில்லை என்பது வேறு விஷயம். "இனி உன் வாசப்படிய மிதிச்சா என் பேரையே மாத்தி வச்சுக்கோ" என்றார் அண்ணன். அவர் லிஃப்ட் மெக்கானிக், தம்பி பேக்கரிக்காரர். பேச்சு நின்றாலும் வீடு நிற்க வேண்டுமே. பாரமாக எதை வாங்கினாலும் சுவரில் தட்டித் தெரிவிப்பார்கள்; மறுபக்கமும் ஈடாக ஒன்றை வாங்கிக்கொள்ளும். அண்ணன் பக்கம் பீரோ என்றால் தம்பி பக்கம் ஃப்ரிட்ஜ். ஒரு பக்கம் விருந்தாளி வந்துவிட்டால் மறுபக்கத்தார் தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். அந்தச் சண்டையால் தெருவுக்கு லாபம்தான்.

சிக்கல் அண்ணனின் ஒரே மகள் கல்யாணத்தில் வந்தது. அவள் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டால் வீடு தம்பி பக்கம் சரிந்துவிடும். "வீடு கவிழும்னா எனக்குக் கல்யாணமே வேணாம்பா" என்றாள். "அத நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா. லிஃப்டுக்கு மறுமுனையில் கவுண்டர் வெயிட் என்று இரும்புக் கட்டிகள் தொங்கும். பழைய லிஃப்டில் கழற்றியதை மகளின் எடைக்கு எடுத்துவந்து, வாசலில் தள்ளுவண்டியில் தயாராக வைத்தார். பிள்ளையில்லாத தம்பிக்கும் அவள் செல்லம். கொல்லைச் சுவர் வழியாக பன் நீட்டியே வளர்த்தவர். அவரும் தன் பக்கத்துப் பாரத்தைக் குறைக்க, அவள் எடைக்கு மைதா மூட்டைகளைப் பின்வாசலில் அடுக்கி, கடை வண்டியை வரச்சொல்லியிருந்தார். இருவருமே சுவரைத் தட்டவில்லை. சொல்லிவிட்டு நல்லது செய்யும் வழக்கம் அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

மகள் காரில் ஏறினாள். அண்ணன் வண்டியை உள்ளே தள்ளினார், தம்பியின் மூட்டைகள் வெளியே போயின, வீடு அண்ணன் பக்கம் குப்புறச் சாய்ந்தது. பீரோ, கட்டில், அண்ணி எல்லாம் ஒரே மூலையில் சேர்ந்தன. தள்ளுவண்டி சுவரில் சிக்கி அசைய மறுத்தது.

தம்பி மேலேயிருந்து ஜன்னல் வழியாகக் கத்தினார். "அண்ணே, நான் அங்க வந்தா இன்னும் மோசமாயிடும். நீங்கதான் இங்க வரணும்."

ரோஷம் ஒரு பக்கம், கூரை ஒரு பக்கம். அண்ணன் யோசித்தார். "யோசிச்சது போதும், நடங்க" என்று அண்ணி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தம்பியின் வாசற்படியை மிதித்ததும் வீடு பூப்போல இறங்கி நேராக நின்றது. பேரை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பெண்ணைப் பிரிந்த துக்கமும் தம்பியைப் பார்த்த சந்தோஷமும் சேர்ந்துகொள்ள அண்ணன் அழுதார். தம்பியும் அழுதார்.

அதற்குப்பின் அண்ணனும் அண்ணியும் சாப்பிடுவதும் தூங்குவதும் தம்பி பக்கம்தான். ஒருநாள் கொத்தனார் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த இரும்ப வெளிய எடுத்துட்டா போதும்ங்க. வீடு தானா நிக்கும், நீங்களும் உங்க பக்கமே இருக்கலாம்" என்றார்.

"உங்கள யாரு கேட்டா?" என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே குரலில்.

எதற்கும் இருக்கட்டும் என்று தம்பி அன்று மாலையே இன்னொரு மூட்டையையும் கடைக்கு அனுப்பிவிட்டார். வீடு அண்ணன் பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்தே நிற்கிறது. யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.