லிஃப்டில் ஏறும் வாசம்

ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடியில், இரவு ராணியின் வாசம் லிஃப்டில்தான் மேலே போகும். பொழுது சாய்ந்து கீழே செடி பூத்ததும் லிஃப்ட் கதவு தானாகத் திறந்து மூடும். ஒன்பதாம் மாடியில் வந்து நிற்கும். வாசம் இறங்கி, நடைபாதையில் காயும் துணிகளை விலக்கிக்கொண்டு, ஜெயலெட்சுமி வீட்டுக் கிரில் கம்பி வழியாக நுழைந்து, அவள் கணவர் சிவநேசனின் கட்டில் ஓரத்தில் உட்காரும். மெத்தை அந்தப் பக்கம் லேசாக அமுங்கும். நெஞ்சில் அறுவை சிகிச்சை முடிந்து அவர் வீட்டோடு படுத்திருந்த மாதம் அது.

இருட்டியபின் பூ வாசம் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். சொன்னால் வந்தது தங்கிவிடுமாம். அதிலும் இரவு ராணி என்றால் பேய்க்கும் பாம்புக்கும் உறவு என்று அந்த வட்டாரமே சத்தியம் செய்யும். புருஷனைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறது என்று ஜெயலெட்சுமி முடிவே கட்டிவிட்டாள். பாயான் பாரு ஃபேக்டரியில் வேலை ஓடவில்லை, வீட்டில் சோறு இறங்கவில்லை. மகள் ரூபினியிடம்கூட மூச்சு விடவில்லை. அவரோ நிம்மதியாகக் குறட்டை விட்டார். பாவம், அதையும் சந்தேகப்பட்டாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவளோடு ஏழாம் மாடி காமாரியாவும் லிஃப்டில் ஏறினாள். பின்னாலேயே வாசமும் ஏறியது. இருவரும் வாயை இறுக்கிக்கொண்டார்கள். ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது?

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, அதுக்கும் எடம் வேணும்லா," என்றாள் காமாரியா. சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒங்க வீட்டுக்கும் வருதா?"

"எங்க மாமிக்கு முட்டி வலி, தூக்கமே கெடையாது. இது வந்து உக்காந்தாத்தான் கண்ண மூடுறாங்க. அப்புறம் மேல ஏறிரும். நோயாளிங்கள பாக்க வருதுக்கா. செடிய வெட்டணும்னு எல்லாரும் நின்னப்ப, சிவநேசன் அண்ணன்தானே தடுத்தாரு? அவர பாக்க வராதா?"

ஜெயலெட்சுமி கைப்பையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அவள் அழுது முடிக்கும்வரை லிஃப்ட் ஏழாம் மாடியில் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது.

போன வாரம் லிஃப்ட் பழுதானது. அந்த அடுக்குமாடிக்கு அது புதிதில்லை. இருட்டியும் வாசம் வரவில்லை. சிவநேசன் புரண்டு புரண்டு படுத்தார். ஜெயலெட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டு எல்லா மாடியும் இறங்கினாள். கீழே லிஃப்ட் கதவருகிலேயே வாசம் நின்றுகொண்டிருந்தது. படிக்கட்டைக் காட்டினாள். காமாரியா வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டு மேலே ஏறும்போது இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"அவசரமில்ல, மெதுவா வா," என்றாள். "அவரு முழிச்சிக்கிட்டுத்தான் இருக்காரு."