தாடிக்கும் மாஸ்க்குக்கும் நடுவே

எங்கள் அவசரப் பிரிவில் அந்த மாதம் ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. போட்டி என்றால் டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும். அவர் அதை ஆய்வு என்பார். மூச்சுத் திணறி வருகிறவர்களைத் தொண்டையில் குழாய் இறக்காமல் காப்பாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க். இயந்திரம் அதன் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். மற்றது, மூக்கில் மட்டும் செருகும் குழாய். இளஞ்சூடான ஈரக்காற்று அதில் வேகமாக வந்துகொண்டே இருக்கும். எது மேல் என்று பார்க்க, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒட்டி வைத்த ஓர் உறையைப் பிரித்து, உள்ளே எந்த வழி எழுதியிருக்கிறதோ அதை முதலில் கொடுப்போம். போதவில்லை என்று தெரிந்தால் தாமதிக்காமல் மற்றதற்கு மாறிவிட வேண்டும்.

டாக்டரம்மா மூக்குக் குழாய்க் கட்சி. நான் மாஸ்க் கட்சி. மாஸ்க் மாட்டி மாட்டியே கை பழகிப்போன நர்ஸ் நான். புதிதாக வந்ததற்கெல்லாம் சட்டென்று தலையாட்டுகிற ஜாதி இல்லை.

அன்று காலை ஆம்புலன்சில் வந்திறங்கியவரை எனக்கே தெரியும். கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். மார்பு வரைக்கும் தாடி. கடைக்கு ஏதோ பெயர்ப்பலகை இருந்தது, யாரும் படித்ததில்லை; எல்லோருக்கும் அது தாடி ஸ்டூடியோதான். என்னை ஒருமுறை சிரிக்கவே விடாமல் பாஸ்போர்ட் போட்டோ எடுத்து, சிடுமூஞ்சி என்று ஆவணமாகவே ஆக்கிவிட்ட புண்ணியவான். சிகரெட் அவர் நுரையீரலைப் பல வருடமாகத் தின்றிருந்தது. இப்போது சளியும் சேர்ந்துகொள்ள, கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்து தோளால் மூச்சு வாங்கினார். கூடவே அவர் மனைவி, இரண்டு கால்களில் இரண்டு வேறு செருப்போடு.

உறையில் மூக்குக் குழாய் வந்தது. போட்டதும் கொஞ்சம் தெளிந்து, இரண்டு வார்த்தை பேசக்கூடச் செய்தார்.

"கடைய... பூட்டுனியா?"

"பூட்டியாச்சுங்க. பேசாம இருங்க."

டாக்டரம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி சலைன் பாட்டிலைச் சரிசெய்தேன்.

ஆனால் அவருக்குச் சிரமம் மூச்சை இழுப்பதில் இல்லை, வெளியே விடுவதில். கெட்ட காற்று உள்ளேயே தங்கிவிட்டால் கண்ணைச் சொக்கும். பார்க்கிறவர்கள், பாவம் அசதி, தூங்கட்டும் என்பார்கள். எங்களுக்கோ அந்தத் தூக்கம்தான் அபாய மணி. அவர் தலை தொங்க ஆரம்பித்தது. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மாஸ்க்குக்கு மாத்துங்க சிஸ்டர்."

என் கட்சி ஜெயித்ததில் எனக்குத் துளி சந்தோஷம் இல்லை. மாஸ்க்கை வைத்து வாரை இழுத்து மாட்டினால், தாடி வழியாகக் காற்று பஞ்சரான டியூப் மாதிரி உஸ்ஸென்று வெளியேறியது. இயந்திரம் கூவியது. வாரை இன்னும் இறுக்கினேன். மூக்குத்தண்டு சிவந்ததுதான் மிச்சம். தாடியின்மேல் பட்டையாகப் பிளாஸ்திரி ஒட்டினேன். வியர்வையில் உரிந்து என் கையுறையில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் டிரிம்மரை எடுத்தேன்.

அரைத் தூக்கத்தில் கிடந்த மனிதருக்கு எங்கிருந்துதான் பலம் வந்ததோ, இரண்டு கையாலும் தாடியைப் பற்றிக்கொண்டார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"தாடி மறுபடி முளைக்கும் ஐயா. உசுரு முளைக்காது," என்று அதட்டினேன். கை விடவில்லை.

டாக்டரம்மா அவர் மனைவியிடம் திரும்பினார். "அம்மா, தாடி இருந்தா மாஸ்க் ஒட்டாது, காத்து உள்ள போகாது. இன்னும் கொஞ்ச நேரத்துல தொண்டைல குழாய் போடவேண்டி வரும். அவர் நுரையீரல் இருக்கற நிலைமைல, போட்டா திரும்ப எடுக்கறது கஷ்டம். எடுக்கமுடியாமலே போனாலும் போகலாம்."

அந்தம்மா கட்டிலருகே போய்க் குனிந்து, அவர் கைகளின்மேல் தன் கையை வைத்தார்.

"என்னங்க. எதுக்குப் பிடிச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

அவர் கண் திறந்தது.

"இடது பக்கம், தாடைக்குக் கீழ. தீக்காயத் தழும்பு. காது வரைக்கும் போகுது. கல்யாணமான முதல் வாரமே தெரியும். நீங்க தூங்கறப்ப கைல தட்டுப்பட்டுச்சு. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். சொல்லல. சரி, மறைச்சு வச்சாத்தான் மனுஷனுக்கு நிம்மதின்னா மறைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். தெனமும் நீங்க தூங்கினப்புறம் அதத் தடவிட்டுத்தான் நான் தூங்கறது. இன்னிக்கு அத மறைக்கறேன்னு என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க."

டாக்டரம்மா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் ஒரே வீட்டில், ஒருவர் மறைக்க, மற்றவர் தெரியாதவர்போல் இருக்க, இரண்டு பேரும் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்.

அவர் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

அந்தம்மா தாடையைத் தாங்கிப் பிடிக்க, நான் தாடியை எடுத்தேன். சாம்பல் நிற மயிர் கொத்துக் கொத்தாகப் போர்வையில் விழுந்தது. தழும்பு அந்தம்மா சொன்ன இடத்தில், சொன்ன நீளத்தில் இருந்தது. சின்ன வயசுக் காயம். தோல் சுருங்கி இழுத்திருந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாஸ்க்கை வைத்தேன். உஸ்ஸென்ற சத்தம் நின்றது. இயந்திரம் தள்ளியதெல்லாம் உள்ளே போனது, மார்பு நன்றாக ஏறி இறங்கியது.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் நாங்களும் மூச்சுவிட்டோம். கெட்ட காற்று குறைந்திருந்தது. கூப்பிட்டால் திரும்பினார், கேட்டதற்குத் தலையசைத்தார்.

"கொஞ்ச நேரம் மாஸ்க்குக்கு ஓய்வு குடுங்க. மூக்குக் குழாய் போட்டு வாய நனைச்சு விடுங்க," என்றார் டாக்டரம்மா. பிறகு என்னிடம், "இவரை எந்தக் கட்சில எழுதறது சிஸ்டர்?"

"அந்தம்மா கட்சில எழுதுங்க," என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாஸ்க் விலகியதும் அவர் உள்ளங்கை தானாக இடது தாடைக்குப் போய் மூடிக்கொண்டது. அந்தம்மா ஈரப்பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்தார்.

"தெரியும்னு... சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"பாத்தா... வேணாம்னு போயிடுவியோன்னு."

"போற மூஞ்சியா இது? ரெண்டு பிள்ளை பெத்து, உங்க சிகரெட் நாத்தத்தையும் சகிச்சுக்கிட்டு இருக்கேன்." பஞ்சை மறுபடி நனைத்தார். "வேணும்னா திரும்ப வளத்துக்கங்க. தெருவுக்காக வளத்துக்கங்க. எனக்காக வேணாம்."

அவர் தாடையிலிருந்து கையை எடுத்துப் போர்வைமேல் வைத்தார். முகத்தை மனைவி பக்கம் திருப்பி, அந்தம்மா பார்த்து முடிக்கும்வரை அசையாமல் படுத்திருந்தார்.