யாரையும் கட்டுப்படுத்தாத கடிதம்

ஆர்வில் குச்செராவின் மேட்டு நிலத்தில், கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நெப்ராஸ்காவில் அந்த வாரம் மக்காச்சோளம் ஒரு புஷல், அதாவது இருபத்தைந்து கிலோ, மூன்று டாலர் எழுபது சென்ட். ஏழு வாரமாக மழை இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மெர்ல் நோவாட்னியின் நிலத்தில் புழுதி பறந்துகொண்டிருந்தது.

தப்பு ஆர்வில் மேல்தான். டிராக்டர் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த மகள் டார்லாவுக்கு, சக்கர நாற்காலி தடங்கலில்லாமல் ஓட, படியே இல்லாத ஒரு வீடு அங்கே கட்ட நினைத்தார். கயிறு கட்டி அறைகளைக்கூட அவள் கண்முன்னால் குறித்தாயிற்று. குறுக்கே ஒரு பள்ளம், அறுபது வருஷமாகக் காய்ந்து கிடந்தது. எங்கள் ஊரில் யாரும் அரசாங்கத்திடம் எதையும் எழுதிக் கேட்பதில்லை. செய்துவிட்டு வாயை மூடிக்கொள்வோம். ஆர்வில் யோக்கியர். ஓடையென்றால் அனுமதியில்லாமல் அதில் கட்டினால் அபராதம்; இந்தப் பள்ளம் ஓடைக் கணக்கில் சேருமா என்று நீர்நிலை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டார்.

"சும்மா கெடந்ததப் போயி கெளறிட்டியேய்யா! எழுதலேன்னா கை அரிக்குமா உனக்கு?" என்றார் மெர்ல்.

இப்படிப்பட்ட பள்ளங்களை ஓடையாகக் கருதலாம் என்பது அலுவலகத்தின் தற்போதைய எண்ணம் என்றது பதில். இது வெறும் வழிகாட்டுதல், சட்டமல்ல, யாரையும் கட்டுப்படுத்தாது என்றும் அடியில் இருந்தது. ஓடை என்ற சொல்லைப் படித்தபோதே பள்ளத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது; அவர் அந்த வரிக்கு வருவதற்குள் அறைகளைக் குறித்த கயிறு மூழ்கிவிட்டது.

வங்கி கடனை நிறுத்தியது. கட்டட மேஸ்திரி வரவில்லை.

"சட்டமில்லேன்னு அவனே எழுதியிருக்கான், பாரு," என்று மேஸ்திரி வீட்டுக்கே போய்க் கடிதத்தை நீட்டினார் ஆர்வில்.

"இல்லதான், ஆர்வில். நாளைக்கு எனக்கு அபராதம் போட்டா நீயா வந்து நிப்பே?"

வழக்குப் போட்டார். நீதிபதி நேரில் வந்தார். ஷூக்களைக் கையில் பிடித்தபடி நடுத்தண்ணீரில் நின்று, கட்டுப்படுத்தாத கடிதத்தால் யாருக்கும் பாதிப்பு நேர்ந்திருக்க முடியாது, ஆகவே விசாரிக்க ஒன்றுமில்லை என்றார். நல்ல மனிதர்தான்; அதுதான் வயிற்றெரிச்சல்.

டார்லாவை அறுபது மைல் தள்ளி ஒரு பராமரிப்பு இல்லத்தின் மூன்றாம் மாடியில் சேர்த்தார்கள். ஒன்பது வருஷம் போனது. தலைநகரில் ஆட்சி மாறி, பழைய வழிகாட்டுதலைத் திரும்பப் பெறுவதாகப் புதியது ஒன்று வந்தது. அதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது என்று போட்டிருந்தது. தண்ணீர் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. அதற்குள் கெண்டை மீன் பெருகியிருந்தது. நாங்களும் தூண்டிலோடு போக ஆரம்பித்திருந்தோம்.

ஞாயிறுதோறும் ஆர்வில் மீன் வறுத்து மகளுக்கு எடுத்துப் போகிறார்.

"இன்னிக்கு எங்கேப்பா பிடிச்சே?"

"உன் படுக்கையறை ஜன்னலோரம்."

"போன வாரம் சமையலறையில பிடிச்சதுதாம்பா ருசி," என்று சொல்லிவிட்டு டார்லா முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.