வருக வருக

1

இந்தக் கதை ஒரு தலைப்பிலிருந்து பிறந்தது. பத்திரிகையில் அந்தத் தலைப்பை வைத்தவன் நான். முதல் பத்தியிலேயே ஒப்புக்கொள்கிறேன். பிறகு தைரியம் இருக்காது.

2

'அவர் ஒரு மேதை' என்று தொடங்கி அடித்துவிட்டேன். 'அவர் அழுது நான் பார்த்ததே' என்பதும் பாதியில் போயிற்று. பார்த்திருக்கிறேன்.

அவரை விசில்காரர் என்றே சொல்கிறேன். எங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாராவாரம் 'விசில்' என்று நையாண்டி எழுதியவர். ஸ்கோரைப் பார்க்கும் முன் ஜனங்கள் அதைத்தான் படிப்பார்கள். ஒரு கால்பந்து இறுதிப் போட்டியில் எங்கள் ஊர் கோல்கீப்பர் ஆறு கோல் விட்டார். 'பந்து வரும்போதெல்லாம் மரியாதையாக வழிவிட்டு நின்றார்' என்று எழுதினார் விசில்காரர். (இப்போதும் சிரிப்பு வருகிறது. அதுதான் பிரச்சினை.) கோல்கீப்பர் இரு கைகளையும் விரித்து நிற்கும் படத்துக்கு மேல் கொட்டை எழுத்தில் நான் போட்டேன்: 'வருக வருக!'

அதன்பின் கோல்கீப்பர் மைதானத்தில் இறங்கினாலே கூட்டம் எழுந்து அதைத்தான் கத்தியது. அவர் மகளைப் பள்ளியிலும் அப்படியே கூப்பிட்டார்கள். இரண்டே மாதத்தில் கையுறையைக் கழற்றிவிட்டார்.

3

விசில்காரர் நையாண்டியை நிறுத்திவிட்டுச் சிறுகதைக்குப் போனார். பதினோரு கதைகள். எல்லாவற்றிலும் ஒரு கோல்கீப்பர் பந்தைப் பிடித்துவிடுவார். கதைகள் சுமார்தான், வேண்டியவர் என்பதற்காக மாற்றிச் சொல்ல முடியாது.

கடைசிக் கதையை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, ஒருநாள் கோல்கீப்பரைப் பார்க்கப் போனார். அவர் அப்போது கண்ணாடி, ஃபிரேம் கடை வைத்திருந்தார். நின்றபடியே படித்தார்.

"ஆறையும் பிடிச்சிட்டேனா?"

"ஆமாங்க."

"அந்தப் பசங்க அன்னைக்கு நல்லா ஆடினாங்க சார். அவங்க அடிச்ச கோலை ஏன் பிடுங்குறீங்க? நான் விட்டது நிஜம். அதுக்கு வருத்தமில்ல." காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். "அந்தத் தலைப்புதான்... எம்பொண்ணு ஸ்கூலே மாறினா. அதை யாரு வச்சது?"

விசில்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தாங்க. மன்னிச்சிடுங்க."

நான் அங்கே சாய்த்து வைத்திருந்த கண்ணாடியில் என் முகத்தை... (பொய். தரையைத்தான் பார்த்தேன்.)

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"எழுதினது நான்தானே. சும்மா வாடா." கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

4

போன மாதம் விசில்காரர் இறந்துபோனார். அவர் படத்துக்கு ஃபிரேம் போட அந்தக் கடைக்கே போனேன். (வேறு கடை இல்லாமல் இல்லை.) கோல்கீப்பர் படத்தைக் கையில் வாங்கித் தூசியைத் துடைத்தார்.

"தப்பை நேர்ல வந்து ஒத்துக்கிட்ட ஒரே ஆளு சார் இவரு," என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் அன்னைக்குக் கூட வந்தீங்கல்ல?"

5

நான் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். இரண்டில் நான் நல்லவன். மூன்றாவதை முடிக்கக் கை வரவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்காக எதையும் மாற்ற வேண்டாம்.